ஒரு தரம் மட்டும் கேட்கிற ஊர்

1

இந்த ஊரில் கெட்ட செய்தி சொல்லுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நம் பக்கம் என்றால் கெட்ட செய்தி தெருமுனையிலேயே கூப்பாடு போட்டுக்கொண்டு வரும். விஷயம் என்னவென்று தெரிவதற்குள் பாதி அழுது முடித்துவிடலாம். இங்கே முழங்கையை மெல்லத் தொடுவார்கள், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில் பேசுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே இந்த ஆலை ஊருக்கு வந்து எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். அந்தக் குரல் இப்போது தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. 

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பிலோமியைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். பிலோமி என் மகள். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. குழந்தைகள் வகுப்பில் இருக்கிறாள். வகுப்பு மிஸ் வெளியே வந்து என் முழங்கையைத் தொட்டார். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி, குளிரில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும்.

"கவலைப்பட ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்தார். அதே தாழ்ந்த குரல்.

விஷயம் இதுதான். பிலோமி வகுப்பில் 'வேண்டாம்' என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. விளையாடுவதில்லை. வர்ணம் தீட்டுவதில்லை. காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சின்னப் பாட்டில் பாலைக் குடிப்பதில்லை. மணல் தொட்டியில் இறங்குவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். சில நாள் ஜட்டியை நனைத்துவிடுகிறாள். அதனால் கவுன்சில் ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் வந்து அவளைப் பார்ப்பார். எழுத்து, கணக்கு மட்டும் இல்லை. எப்படிப் பேசுகிறாள், எப்படி விளையாடுகிறாள், பொத்தான் போடத் தெரிகிறதா, ஒற்றைக் காலில் குதிக்கிறாளா, மற்றப் பிள்ளைகளோடு சேருகிறாளா, எல்லாம் பார்ப்பார்.

"நாங்கள் முழுக் குழந்தையையும் பார்ப்போம்" என்றார் மிஸ். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ ஆஸ்பத்திரியில் சொல்லுகிற மாதிரி இருந்தது.

"பார்த்துவிட்டு?" என்று கேட்டேன்.

"இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குச் சரிப்படுமா என்று முடிவு செய்வார்கள். சில பிள்ளைகளுக்குச் சின்னப் பள்ளிக்கூடம் நன்றாக ஒத்துவரும்."

அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் எது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு வேன் வந்து நிற்கும். அதில் போகிற பிள்ளைகள் மூளை வளராதவர்கள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் தெருவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த வேனிலோ ஜமைக்காக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பஞ்சாபிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முகமே அதிகம் தெரியும். அங்கே போன பிள்ளை திரும்பி இங்கே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கற்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு வந்தாள். ஒற்றைக் காலில்தான். பார்க்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

2

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். ஆவூரில் பிறந்தவள். கீரனூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். எங்கள் ராஜா சமஸ்தானம் முடிந்து நாமெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் புதிதாகப் பள்ளிக்கூடம் வந்தது. கட்டடம் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

அங்கே பள்ளிக்கூடத்தில் சேர ஒரே பரீட்சைதான். உங்களுக்குத் தெரியாததா? வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கண்மாய் உடைந்த வருஷம் என்பார்கள், பெரியவன் அம்மை வார்த்துக் கிடந்த வருஷம் என்பார்கள். ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டார்.

"எட்டுதா டீச்சர்?"

"எட்டுதுங்க."

"சேத்துக்கங்க. அடுத்த ஆளு."

எட்டாத பிள்ளையைப் பார்த்து, "ஒரு வருசம் நல்லாச் சாப்புட்டுட்டு வாடா" என்பார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடும். அவன் அப்பனும் சிரித்துக்கொண்டே போவான். அதை யாரும் பிள்ளையின் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் பரீட்சை சரி என்று நான் சொல்ல வரவில்லை. குட்டைக் கைக்காரப் பிள்ளைகளில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்திருக்கும். ஆனால் அது வாசற்படி மட்டும்தான். உள்ளே வந்த பிறகு பிள்ளையைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருஷம் முழுக்க இருந்தது. பானையில் தண்ணீர் மொண்டுவர அனுப்பினால் யார் சிந்தாமல் கொண்டுவருகிறது, யார் முதலில் தான் குடித்துவிட்டு வருகிறது, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டே யார் 'ஆனா' எழுதுகிறது, எல்லாம் தெரியும். கந்தர்வக்கோட்டையில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். முந்திரிக் காலத்தில் சில பிள்ளைகள் பலகையில் எழுதமாட்டேன் என்று அடம் பிடிக்கும். விரலைப் பிரித்துப் பார்த்தால், முந்திரிக்கொட்டை உடைத்ததில் அதன் பால் பட்டு வெந்து தோல் உரிந்திருக்கும். எழுதத் தெரியாததும் எழுத முடியாததும் வேறு வேறு என்று அங்கேதான் எனக்குப் பாடம் ஆயிற்று.

அங்கேயும் பயம் உண்டு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே ரிஜிஸ்தரை மூன்று தரம் புரட்டிப் பார்ப்பேன். ஆனால் அப்போது பயந்தது நான். பிள்ளைகள் ஜீப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அவர் ஏதாவது எழுதினாலும் என் தலையில்தான் எழுதுவார். இங்கே வரப்போகிற அம்மாள் எழுதப்போவது ஐந்து வயசுப் பிள்ளையின் தலையில்.

3

செய்தி கேட்ட மறுநாளே நான் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் புத்தி, வேறென்ன. சமையல் மேசையில் பொத்தானைப் பரப்பினேன், தீக்குச்சியைப் பரப்பினேன், உருளைக்கிழங்கைப் பெரிசு சிறிசாக அடுக்கச் சொன்னேன். முதல் நாள் பிலோமி எல்லாவற்றையும் செய்தாள், பாட்டுப் பாடிக்கொண்டே செய்தாள். இரண்டாம் நாள் ஒவ்வொன்றுக்கும், "இது சரியாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் தீக்குச்சிப் பெட்டியைக் கண்டாலே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் "எது பெருசு, சொல்லும்மா" என்று இரண்டு உருளைக்கிழங்கைக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறுபடி கேட்டேன். கண்ணில் தண்ணீர் தளும்புகிறதே தவிர வாய் திறக்கவில்லை. அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்லுவேன். ஒருவேளை அவர்கள் சொல்லுவதுதான் உண்மையோ? ஊரார் பிள்ளையை எல்லாம் எடை போடத் தெரிந்த எனக்கு என் பிள்ளையைத் தெரியாமல் போய்விட்டதோ? தாய்க் கண்ணுக்குக் குறை தெரியாது என்று எத்தனை அம்மாக்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. சாப்பிடும்போது பார்க்கிறேன், சட்டை மாட்டும்போது பார்க்கிறேன், ஜெபம் சொல்லும்போது எங்கே தடுக்குகிறாள் என்று பார்க்கிறேன். பெற்ற பிள்ளையை வேவு பார்க்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் ஆலையில் மெஷின் ஃபிட்டர். திருச்சி ரயில்வே பட்டறையில் இருந்தவர். கீரனூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருவார். என்னை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான், ஆனால் அன்று கிண்டல் இல்லை.

"நீ டீச்சரா, போலீசா? புள்ளைய விடு."

"நீங்க வந்து மிஸ்ஸுகிட்ட ஒரு வார்த்த பேசுங்களேன்."

"என்னத்தப் பேச? நான் பேசுற இங்கிலீசக் கேட்டா என்னயும் சேத்து அந்த வேன்ல ஏத்திருவாங்க."

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிருங்க. நான் இங்கிட்டு இருந்துக்கிறேன். ஆவூர்ல காது எட்டுதான்னு பாப்பாங்க, அம்புட்டுத்தான். இவளுக்குத்தான் எட்டுதே."

அவர் அதைப் பல நாள் யோசித்துவிட்டுத்தான் சொல்லுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. குடும்பம் இரண்டாகப் பிரியும் என்பதை இவ்வளவு சாதாரணமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு எழுதுகிற கடிதத்தில் இதையெல்லாம் எழுதவில்லை. பிலோமி நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

4

ஒரு சனிக்கிழமை. விடாத மழை. பிலோமி சமையல் மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். மேசை விரிப்பு தொங்குவதால் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டு பொம்மை, துணி சுற்றிய ஒரு மரக்கரண்டி, மூன்றும் மாணவர்கள். பிலோமி மிஸ்.

பேசியது முழுக்க இங்கிலீஷ். எனக்குக் கை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, மிஸ்ஸின் அதே இழுவையோடு, மூக்கை உறிஞ்சுவது உட்படப் பேசிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். இந்தப் பிள்ளை எனக்குத் தெரியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாளே என்ற பயமும் கூடவே வந்தது.

"பால் குடிக்கிறாயா?" என்று ஒரு பொம்மையைக் கேட்டாள்.

பொம்மைக்காக அவளே சொன்னாள்: "நோ, தேங்க் யூ."

"பால் குடியேன்."

"நோ, தேங்க் யூ."

"அட, சும்மா குடி. உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்."

"யெஸ், ப்ளீஸ்" என்றது பொம்மை. வெறும் டம்ளரை அதன் வாயில் வைத்தாள். அடுத்த பொம்மைக்கும் அப்படித்தான். மரக்கரண்டிக்கும் அப்படித்தான்.

விரிப்பைத் தூக்கிக் குனிந்து உட்கார்ந்தேன். "பள்ளிக்கூடத்துல மிஸ் பால் வேணுமான்னு ஒன்னயக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"நீ என்னா சொல்லுவ?"

"வேணாம்னு சொல்லுவேன்."

"ஏம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"பெறகென்ன?"

"மிஸ் மறுபடி கேக்கவே மாட்டேங்கிறாங்கம்மா. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன். அப்பயும் கேக்க மாட்டேங்கிறாங்க."

வர்ணத்துக்கும் அப்படித்தானாம். மணலுக்கும் அப்படித்தானாம். பாத்ரூமுக்குப் போகிறாயா என்றும் ஒரு தரம்தான் கேட்பார்களாம்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். பிலோமி மரக்கரண்டியை என் மடியில் வைத்தாள்.

நம் வீடுகளில் பிள்ளைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறபோதே இதையும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அடுத்தவர் எதைக் கொடுத்தாலும் கேட்டவுடனே கை நீட்டக்கூடாது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் வற்புறுத்தும்போது வாங்கிக்கொள்ளலாம். முதல் தரத்திலேயே கை நீட்டினால், "எங்க வளந்துச்சு இது, இப்புடி அலையிது" என்பார்கள். ஜூன் மாதம் பிள்ளை சேர்க்க நான் வீடு வீடாகப் போகிறபோது எத்தனை வீட்டில் எத்தனை சொம்பு மோர். "குடிங்க டீச்சர்." "வேணாம்ங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்." "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் குடிங்க." "வயிறு நெறஞ்சிருக்குங்க." "ஏன், எங்க வீட்ல குடிக்க மாட்டீங்களா?" அந்த மூன்றாவது வார்த்தைக்கு மேல் மறுத்தால் அது பகை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் முதல் இரண்டு 'வேண்டாம்' சொல்லித்தான் தீர வேண்டும். அதைப் பிலோமிக்கு நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை. என்னைப் பார்த்தே வந்துவிட்டது.

எனக்கே இங்கே வந்த முதல் வாரம் அந்த அனுபவம் ஆனதுதான். அடுத்த வீட்டு அம்மாள் டீக்குக் கூப்பிட்டார். நல்ல பசி. க்ரீம் வைத்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் பாடம் பண்ணி வைத்திருந்த "நோ, தேங்க் யூ"வை எடுத்துவிட்டேன். அவர் "சரி" என்று டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் வயிறு வலிக்கச் சிரித்தார். "டீச்சரு, இங்க ரெண்டாந் தரம் கேக்க மாட்டாங்க. கேட்டா அது மரியாதக் கொறச்சலு. நானும் வந்த புதுசுல பட்டினிதான்." அதற்கப்புறம் நான் மாறிக்கொண்டேன். பிலோமியும் தினம் ஓர் அந்நியர் வீட்டுக்குத்தானே போகிறாள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஆனால் வேண்டாம் என்று சொல்லுகிற குழந்தையை வற்புறுத்துவது தப்பல்லவா?" என்றார். அதில் அவரை நான் குறை சொல்ல முடியாது. அவர் படித்த படிப்பு அது. வரப்போகிற அம்மாளிடம் இதை முன்னாடியே சொல்லிவையுங்கள் என்று கெஞ்சினேன். "அவர் தாமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வியாழக்கிழமை வருகிறார். நீங்களும் உட்காரலாம். பேசாமல் இருக்க வேண்டும்" என்றார்.

5

ஆகவே பிலோமியைத்தான் மாற்ற வேண்டும். மூன்று நாளில்.

"இங்க பாரு. அந்தம்மா ஒரு தரம் கேட்டாலே, சரின்னு சொல்லிரு."

"அலையிற மாதிரி இருக்காதாம்மா?"

"இருக்காது. இந்த ஊர்ல அதுதான் மரியாதை."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அப்படியே கேட்கிற பிள்ளை. நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

வியாழக்கிழமை அந்த அம்மாள் பச்சைக் கோட்டில் வந்தார். கடுமையான ஆள் இல்லை. பிலோமிக்குக் கை கொடுத்தார். எனக்கு மூலையில் ஒரு பிள்ளை நாற்காலி போட்டார்கள். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டேன். மிஸ் ஜன்னல் பக்கம் நின்றார்.

"மணலில் விளையாடுகிறாயா?"

"யெஸ், ப்ளீஸ்."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். பிலோமி மணல் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டாள். பாவம், எத்தனை நாள் ஆசையோ. வர்ணம் தீட்டுகிறாயா, யெஸ் ப்ளீஸ். கட்டை அடுக்குகிறாயா, யெஸ் ப்ளீஸ். பொத்தான் போட்டாள். ஒற்றைக் காலில் அறையைச் சுற்றி வந்தாள். படத்தைக் காட்டியபோது நாய் ஏன் ஓடுகிறது என்று சொன்னாள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். நான் உள்ளுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது.

கடைசியில் அந்த அம்மாள் பேனாவை மூடிக்கொண்டே, பிரியமாகத்தான் கேட்டார்: "இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பிலோமினா. சின்னது. பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். வேனில் போகலாம். அங்கே போகிறாயா?"

"யெஸ், ப்ளீஸ்" என்றாள் பிலோமி. பளிச்சென்று, சிரித்துக்கொண்டு.

அந்த அம்மாள் பேனாவை மறுபடி திறந்தார்.

நான் எழுந்தேன். நாற்காலி என்னோடு சேர்ந்து எழுந்து பின்னால் விழுந்தது. எனக்கு இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோயிற்று. "எழுதாதீங்க" என்று தமிழில் சொன்னேன். பிறகு எப்படியோ, "அது அவள் சொன்னதில்லை. நான் சொல்லச் சொன்னது" என்றேன்.

அந்த அம்மாள் முகம் மாறியது. "அப்படியென்றால் பதில்களை நீங்கள் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறீர்களா?"

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு பதில் மட்டுமா, அதுவரை அவள் செய்ததெல்லாம் போயிற்று. நானும் டீச்சர்தானே. சொல்லிக்கொடுத்து வந்த பிள்ளையின் பதிலுக்கு நானே மதிப்புக் கொடுத்ததில்லை. ஆலையில் இருக்கிறவரை நினைத்தேன், ஊருக்குத் திரும்புகிற கப்பலை நினைத்தேன், ஆவூரில் என்னவென்று கேட்பவர்களுக்கு என்ன சொல்லுவது என்று நினைத்தேன். 

"அம்மா உன்னை என்ன சொல்லச் சொன்னார்?" என்று அந்த அம்மாள் பிலோமியைக் கேட்டார்.

பிலோமி என்னைப் பார்த்தாள். நான் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினேன்.  அவள் கையில் இருந்த மணலைக் கவுனில் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாளுக்கு விளக்க ஆரம்பித்தாள். பொம்மைக்குச் சொல்லுகிற அதே இங்கிலீஷ்.

"எங்கள் வீட்டில் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்புறமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அசிங்கம். இங்கே ஒரு தரம்தான் கேட்பீர்கள். அதனால் எனக்குப் பால் கிடைக்கவில்லை. வர்ணமும் கிடைக்கவில்லை. இங்கே முதலிலேயே சரி சொல்லு என்று அம்மா சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சொல்லச் சொன்னார்கள். அதனால் சொன்னேன்."

அந்த வகுப்பில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, பச்சைக் கோட்டோடு தரையில் பிலோமிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாயா?"

"நோ, தேங்க் யூ."

"போகிறாயா, பிலோமினா?"

"நோ, தேங்க் யூ."

மூன்றாம் தரம்தானே நம் வீட்டில் சரி சொல்லுகிற தரம். அந்த அம்மாள் மூன்றாம் தரமும் கேட்டார்.

"நோ" என்றாள் பிலோமி. தேங்க் யூ சொல்லவில்லை.

6

போன வாரம் முடிவு சொன்னார்கள். பிலோமி இங்கேயே படிக்கலாம். கோடை விடுமுறைக்கு முன் இன்னொரு தரம் வந்து பார்ப்பார்களாம். மிஸ் இப்போது பால் பாட்டிலைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறார். இவர் ஊருக்குப் போகிற பேச்சை எடுப்பதில்லை. நானும் தீக்குச்சிப் பெட்டியை அடுப்பு பற்றவைக்க மட்டுமே எடுக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். கோடைக்காலம் வரட்டும், பார்க்கலாம்.

நேற்றுக் காலை பிலோமிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். எதிரே வேன் வந்து நின்றது. ஜமைக்காக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பிலோமி வயசுதான் இருக்கும், அவள் அம்மா கையை விட்டுவிட்டு ஏறினாள். அழவில்லை. நல்ல அடக்கமான பிள்ளையாகத் தெரிந்தது.

பிலோமி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பிள்ளைய எத்தன தரம் கேட்டாங்க?"

தெரியவில்லை என்றேன். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவளை ஜன்னலை விட்டு இழுத்துக்கொண்டேன்.